வாக்குப் பெட்டி மூடிய மறுநாள்



2022 நவம்பர் 19, சனிக்கிழமை. நாட்டின் 15ஆவது பொதுத்தேர்தல் நாள். வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய எனக்கு இடக்கைச் சுட்டுவிரலில் இருந்த மையைக் காண்பதில் ஒரு சிறு பெருமிதம் இருந்தது. அடுத்த வாரம் வகுப்பில் கரும்பலகையில் எழுதித் திரும்பியபோது, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"ஐயா, இந்த மை அழிந்த பிறகும் நீங்கள் வாக்காளர்தானா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "ஆமாம், அடுத்த தேர்தலிலும் வாக்களிப்பேன்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆனால், அவன் கேட்டது அதுவன்று. இந்தத் தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நீங்கள் யார் என்பதே அவன் வினா. அதற்கு என்னிடம் நேர்மையான விடை இல்லை. அந்த விடையைத் தேடி நம் நாட்டு வரலாற்றைப் புரட்டியபோது கிடைத்தவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒருவர்மீது ஏற்றிவைக்கும் நம்பிக்கை

நம் நாட்டில் அதிபர் தேர்தல் இல்லை. நமக்கு மாமன்னர் உண்டு, நாடாளுமன்றம் உண்டு. ஆயினும், அண்டை நாடுகளின் அதிபர் தேர்தல்கள் நம் இல்லங்களிலும் பேசப்படுகின்றன. 2023 செப்டம்பர் 1ஆம் நாள் சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்தினம் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று வென்றபோது, இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் பலர் தம் வீட்டுப் பிள்ளையே வென்றதுபோல் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியில் தவறேதும் இல்லை.

ஆனால், இலங்கையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 நவம்பரில் 52 விழுக்காட்டு வாக்குகளோடு அதிபரான கோத்தபாய ராஜபக்ச, பொருளியல் சீரழிவால் வீதிக்கு வந்த மக்களின் எதிர்ப்பைத் தாங்க இயலாமல் 2022 சூலையில் பதவி விலகினார். ஒரு மனிதர்மீது ஏற்றிவைக்கும் நம்பிக்கை, அவர் இறங்கும்போது அவரோடு சேர்ந்தே இறங்கிவிடுகிறது.

தேர்தல் தரும் நம்பிக்கையை எங்கே வைத்தால் அது நிலைக்கும்? நம் நாட்டு வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. அவ்விடை புத்ராஜெயாவிலிருந்து தொடங்கவில்லை. நம் வீட்டு வாசலில் ஓடும் கால்வாயிலிருந்து தொடங்குகிறது.

குப்பைத் தொட்டியும் தெருவிளக்கும் ஈன்ற கூட்டணி

விடுதலைக்கு முந்தைய மலாயாவில் மக்கள் முதன்முதலில் வாக்களித்தது நாடாளுமன்றத்திற்கு அன்று, நகராண்மைக் கழகத்திற்கு! 1951 திசம்பர் 1ஆம் நாள் பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் முதல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. அடுத்து, 1952 பிப்ரவரி 16ஆம் நாள் கோலாலம்பூர் வாக்களித்தது. பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல் ஆகிய 4 வட்டாரங்கள். மொத்தம் 12 இடங்கள். பிரிக்பீல்ட்ஸ் தொடர்வண்டிக் குடியிருப்புகளிலும் செந்தூல் பணிமனையைச் சுற்றியும் வாழ்ந்த நம் முன்னோர் வாழ்ந்த நகரம் அது.

அன்று டத்தோ ஓன் ஜாபார் தலைமையிலான மலாயாச் சுதந்திரக் கட்சியே வெல்லும் எனப் பலரும் எண்ணினர். ம.இ.கா.வும் அக்கட்சியின் பக்கமே நின்றது. ஆனால், அம்னோவும் ம.சீ.ச.வும் அத்தேர்தலுக்காக உள்ளூர் அளவில் கைகோத்து 12 இடங்களில் 9ஐக் கைப்பற்றின. ஒரு நகரத்தின் குப்பை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றுக்காக ஏற்பட்ட அந்த உடன்பாடே பின்னர் நாடு தழுவிய கூட்டணியாக வளர்ந்தது. ம.இ.கா. 1954இல் அதில் இணைந்தது. 1955 சூலை 27ஆம் நாள் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் அக்கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. ஈராண்டுகளில் நாடு விடுதலை பெற்றது.

இதனை மாணவர்களுக்கு நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்? விடுதலையை ஈன்ற அரசியல் அமைப்பு ஓர் ஊராட்சித் தேர்தலின் குழந்தை. மக்கள் சிறிய பொறுப்பில் பழகினர். பிறகே பெரிய பொறுப்பை ஏற்றனர்.

1955இல் இன்னொரு செய்தியும் உண்டு. அன்றைய ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களுள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தோட்டப்புறங்களில் பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டிகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு அன்று குடியுரிமையே இல்லை. எனவே, நம் குடும்பங்களில் வாக்குரிமை என்பது மூன்று அல்லது நான்கு தலைமுறைக்குள் வந்து சேர்ந்த செல்வம். புதிதாக வந்த செல்வத்தைத்தான் மிகக் கவனமாகப் பேண வேண்டும்.

ஊராட்சி மன்றங்கள் நம்மவர் பலர்க்கும் பொதுவாழ்வின் பயிற்சிக் களமாக இருந்தன. ஆசிரியராகப் பணியாற்றிய டி.எஸ். இராமநாதன், தொழிற்கட்சியின் சார்பில் வென்று ஜோர்ஜ்டவுன் மேயர் நாற்காலியில் அமர்ந்தார். இன்றும் பினாங்கில் அவர் பெயர் தாங்கிய சாலை உள்ளது. ஈப்போவில் சீனிவாசகம் உடன்பிறப்புகளின் மக்கள் முற்போக்குக் கட்சி நகராண்மைக் கழகத்தைத் தன்வயம் வைத்திருந்தது. நாட்டின் மொத்த வாக்காளருள் சிறு பங்கினராக இருந்த ஓர் இனத்தார், தம் நகரத்தாரின் பன்மொழி மக்கள் அளித்த வாக்குகளால் நகரத் தலைமைக்கு உயர முடிந்தது. ஏனெனில், கால்வாய் அடைத்துக்கொண்டால் எல்லா இனத்தார் வீட்டிலும் வெள்ளம் புகும்!

"அமைதி திரும்பியதும்..."

முதலில் தலைநகரம் தன் வாக்கை இழந்தது. 1960ஆம் ஆண்டுக் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின் வழி, 1961 முதல் கோலாலம்பூர் ஓர் ஆணையாளரின் நிருவாகத்தின்கீழ் வந்தது. 1952இல் வரலாறு படைத்த பங்சாரும் செந்தூலும் அதன்பின் தம் நகர மன்றத்திற்கு வாக்களிக்கவில்லை.

பிறகு, நாடு முழுவதும். இந்தோனேசியாவின் 'கொன்ஃப்ரொண்டாசி' எதிர்ப்பு உச்சத்தில் இருந்த வேளையில், 1965 மார்ச் திங்களில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. கவனியுங்கள்: ஒழிக்கப்படவில்லை, நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்பதே அன்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. 1966 ஆகஸ்டில் இரு நாடுகளும் அமைதி உடன்பாடு கண்டன. அமைதி திரும்பியது. தேர்தல் திரும்பவில்லை.

ஆதி நாகப்பன் ஆணையம்

சில மன்றங்களின்மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன என்பதையும் மறைக்கலாகாது. அதனால், தீவக மலேசியாவின் ஊராட்சி மன்றங்களை ஆராய்வதற்காக 1965இல் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஒரு தமிழர்: செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா.வின் முன்னணித் தலைவர். ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர். நேதாஜியின் இந்தியத் தேசியப் படையில் ஜான்சி ராணிப் படைப்பிரிவின் துணைத் தளபதியாக விளங்கிய ஜானகி அம்மையாரின் கணவர்.

ஆளும் கட்சியைச் சேர்ந்த ஒருவர், ஆளும் தரப்புக்கு உகந்த விடையையே தருவார் எனச் சிலர் எண்ணியிருக்கக்கூடும். ஆணையம் அவ்வாறு செய்யவில்லை. மனுக்களைப் பெற்றது, சாட்சியங்களைக் கேட்டது. மன்றங்களின் குறைகளை மூடி மறைக்கவும் இல்லை. 1968 இறுதியில் முடிவுற்ற அதன் அறிக்கை சொன்னதன் சாரம் இதுதான்: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் குறைகள் உண்டு, ஆயினும், அக்குறைகளோடும் கூடிய தேர்தல் முறை நியமன முறையைவிட மேலானது. எனவே, மக்கள் வாக்களித்து ஊராட்சி மன்றத்தாரைத் தேர்ந்தெடுக்கும் முறை நாடெங்கும் இருத்தல் வேண்டும்.

இப்படியோர் அறிக்கையை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். தன் தரப்பார் கேட்க விரும்பாததைத் தன் தரப்பாரிடமே சொல்வதுதான் குடிமைப் பொறுப்பின் மிகக் கடினமான வடிவம். எதிர்த்தரப்பைக் குறை சொல்வது எவர்க்கும் எளிது.

அறிக்கை முடிவுற்ற சில திங்களில் 1969 மே 13 வந்தது. நாடாளுமன்றமே செயலிழந்தது. 1970களின் தொடக்கத்தில்தான் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதன் தலைமைப் பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. இன்று கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஆதி நாகப்பன் பெயரில் சாலைகள் உள்ளன. அவற்றைக் கடந்து செல்லும் எத்தனை பேர்க்கு, அந்தச் சாலையைப் பராமரிக்கும் மன்றத்தை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என வாதிட்டவரின் பெயர் அது எனத் தெரியும்?

ஒரே ஆண்டில் பிறந்த ஊரும் சட்டமும்

1976ஆம் ஆண்டில் ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) நிறைவேறியது. அதன் 15ஆவது பிரிவு, ஊராட்சித் தேர்தல் பற்றிய எல்லா விதிகளும் செல்லாதவை என அறிவித்தது. 'நிறுத்திவைப்பு' அன்று 'ஒழிப்பு' ஆயிற்று. மேயர் அல்லது தலைவரையும் 8 முதல் 24 வரையிலான மன்ற உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கும் முறை நிலைபெற்றது.

அதே 1976இல்தான் சீபீல்டு இரப்பர்த் தோட்டத்து நிலத்தில் ஒரு புதிய குடியிருப்பு நகரம் எழத் தொடங்கியது. பால்மரங்கள் சாய்ந்தன, வரிசை வீடுகள் எழுந்தன. அதுதான் நம் சுபாங் ஜெயா! தோட்டத்தின் பெயர் இன்று ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் வாழ்கிறது.

ஊராட்சித் தேர்தலை ஒழித்த சட்டமும் சுபாங் ஜெயாவும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். ஆகவே, இவ்வூர் தோன்றிய நாள்முதல் இவ்வூர் மக்கள் ஒருமுறைகூடத் தம் மன்றத்திற்கு வாக்களித்ததில்லை. 1997இல் நகராண்மைக் கழகம் அமைந்தது. 2020 அக்டோபரில் அது மாநகர் மன்றமாக உயர்வு பெற்றது. ஊர் வளர்ந்தது, மதிப்பீட்டு வரி செலுத்தும் வீடுகள் பெருகின. வாக்கு மட்டும் வரவில்லை. பிறவியிலேயே இல்லாத ஒன்றை இழப்பாக உணர்வது கடினம். நம் பிள்ளைகள் இதனை இயற்கை நியதி என்றே எண்ணி வளர்கின்றனர்.

மாற்றத்தின் ஆண்டுகள்

2008 மார்ச் 8. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த எவரும் அந்த இரவை மறந்திருக்க மாட்டார்கள். 2007 நவம்பர் 25ஆம் நாள் இண்ட்ராப் பேரணியில் பல்லாயிரம் பேர் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டிருந்தனர். அதன் தலைவர்கள் ஐவர் திசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர். அவர்களுள் ஒருவரான மா. மனோகரன், கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். சிலாங்கூர் ஆட்சி கைமாறியது. தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது.

எங்கும் நம்பிக்கை! இனி எல்லாம் மாறிவிடும் எனப் பேசிக்கொண்டோம். சில மாறவும் செய்தன. சிலாங்கூர் 2011இல் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிலாங்கூரும் பினாங்கும் 2010இல் ஊராட்சித் தேர்தலை நடத்தித் தருமாறு தேர்தல் ஆணையத்தைக் கேட்டன, ஆணையம் மறுத்தது. பினாங்கு 2012இல் தானே ஒரு சட்டம் இயற்றியது; 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அம்முயற்சியை ஏற்கவில்லை. விளைவாக, ஆட்சி மாறியும் நியமன முறை மாறவில்லை. நியமிப்பவர்கள் மட்டுமே மாறினர்.

2018 மே 9. புதன்கிழமை. 82 விழுக்காட்டு வாக்காளர்கள் வாக்களித்தனர். விடுதலைக்குப் பின் முதன்முறையாகக் கூட்டரசில் ஆட்சி மாறியது. வென்ற கூட்டணியின் பெயரிலேயே 'ஹராப்பான்', அதாவது நம்பிக்கை இருந்தது. நாட்டின் கடனைக் குறைக்க அம்மாத இறுதியில் தொடங்கிய நிதிக்கும் அப்பெயரே. சிறுவர்கள் உண்டியலை உடைத்துக் கொடுத்தனர். முதியோர் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தனர். 20 கோடி வெள்ளிக்கும் மேல் சேர்ந்தது. மக்கள் தாமே முன்வந்து அரசின் கடனுக்குப் பணம் தந்த காட்சி நெஞ்சை நெகிழ்விப்பது. அதனை நான் எள்ளி நகையாட மாட்டேன்.

அதே ஆண்டு இறுதியில் ஊராட்சித் தேர்தலை மீட்கும் பேச்சு எழுந்தது. அது இனப் பூசலுக்கு வழி வகுக்கும் எனக் கூறிப் பிரதமர் மகாதீர் மறுத்துவிட்டார். நகரத்தார்க்கும் நாட்டுப்புறத்தார்க்கும் இடையே இனவாரிப் பிளவு வளரும் என்னும் அச்சம் மலாய்ச் சமூகத்தில் பலர்க்கு உண்மையாகவே உண்டு. அவ்வச்சத்தை இகழாமல், தொகுதி வரையறை முதலிய வழிகளால் போக்க முடியுமா எனப் பேசியிருக்கலாம். பேசவில்லை. 22 திங்களில், 2020 பிப்ரவரியில், அந்த அரசே கவிழ்ந்தது. வாக்களித்தவர்கள் வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எஞ்சியது எது?

அந்த 22 திங்களின் நம்பிக்கையில் எது எஞ்சியது? தலைவர்கள்மீது வைத்தது எஞ்சவில்லை. எஞ்சியது ஒன்று உண்டு: 2019 சூலை 16ஆம் நாள், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கவும் தானாகவே வாக்காளராகப் பதியவும் வகைசெய்த அரசியலமைப்புத் திருத்தம். அவையில் இருந்த 211 உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி ஆதரித்தனர்.

ஆனால், அதுவும் தானாக நடைமுறைக்கு வரவில்லை. ஆட்சி மாறிய பின்னர்ச் செயலாக்கம் தள்ளிப்போனது. இளைஞர்கள் நீதிமன்றம் சென்றனர். 2021 செப்டம்பர் 3ஆம் நாள் கூச்சிங் உயர்நீதிமன்றம், அவ்வாண்டு முடிவதற்குள் செயலாக்குமாறு ஆணையிட்டது. திசம்பர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 2018இல் 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022இல் 2 கோடியே 11 இலட்சமானது.

இப்போது இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1965இல் ஒரு வாக்குறுதி தரப்பட்டது. அதனை நிறைவேற்றக் கோரும் குரல் மக்களிடையே வலுப்பெறவில்லை. 11 ஆண்டுகளில் அது சட்டத்தால் புதைந்தது. 2019இல் ஒரு சட்டம் பிறந்தது. அது தாமதமானபோது, இருபது வயதைச் சுற்றிய பிள்ளைகள் விடாமல் கேட்டனர். இரண்டரை ஆண்டுக்குள் நடைமுறைக்கு வந்தது. தேர்தல் தந்த நம்பிக்கை இரு முறையும் ஒன்றுதான். கேட்டவர்கள் இருந்தார்களா, இல்லையா என்பதே வேறுபாடு.

சட்டம் திறந்துவைத்த கதவுகள்

ஊராட்சித் தேர்தல் மீளும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை எனச் சோர்வுற வேண்டியதில்லை. தேர்தலை ஒழித்த அதே சட்டம் 171, மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்க்கும் திறந்திருக்க வேண்டும் எனவும் கூறுகிறது. மன்றம் தீர்மானம் போட்டால் மட்டுமே அடைக்கலாம். அதே 1976இல் பிறந்த நகர்ப்புற, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172), வட்டாரத் திட்ட வரைவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து மறுப்புரை பெற வேண்டும் என்கிறது. 2004இல் யு.எஸ்.ஜே. மக்கள், காவல் நிலையத்திற்கென ஒதுக்கிய நிலத்தில் உணவங்காடி எழுவதை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அங்காடித் திட்டம் கைவிடப்பட்டது. மன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை அவர்களிடம் இல்லை. அண்டை வீட்டார் எவர் எனத் தெரிந்திருந்தது, அதுவே வலிமையாயிற்று.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருக்கும் சாலையில் ஒரு தெருவிளக்கு நெடுநாள் எரியாமல் இருந்தது. நாள்தோறும் அதனைக் கடந்தேன். நாள்தோறும் அரசாங்கத்தைக் குறை கூறினேன். அந்த மாணவனின் வினாவுக்குப் பிறகுதான், விளக்குக் கம்பத்தில் ஓர் எண் பொறித்திருப்பதையே பார்த்தேன். எண்ணைக் குறித்துப் புகார் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. இத்தனை நாள் இருட்டுக்கு யார் பொறுப்பு? பாதிப் பொறுப்பேனும் என்னுடையது.

நம் கையில் எஞ்சிய ஒரு தேர்தல்

பெற்றோர்களே, இறுதியாக ஒன்று. நம் வட்டாரத்துப் பொதுக்காரியத்திற்காக நாம் நேரில் வாக்களிக்கும் தேர்தல் ஒன்று இன்னும் எஞ்சியுள்ளது. அது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம்!

அங்குக் கணக்கறிக்கை படிக்கப்படுகிறது. தலைவரும் செயலவையினரும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கேள்வி கேட்கலாம், முன்மொழியலாம், வழிமொழியலாம், மறுக்கலாம். 1952இல் பங்சார் மக்கள் பெற்ற பயிற்சியின் சிறிய வடிவம் அது. ஆனால், மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வந்தவர்களுள் சிலரும் கையொப்பமிட்டு, சிற்றுண்டி முடிந்ததும் புறப்பட்டுவிடுகின்றனர். பிறகு ஆண்டு முழுவதும் வாட்சப் குழுவில் குறை கூறுகிறோம். நமக்கு வாக்கே தரவில்லை என மன்றத்தைக் குறை சொல்லும் நாம், தந்த வாக்கைப் பயன்படுத்துகிறோமா?

ஆசிரியப் பெருமக்களே, நம் பொறுப்பு இன்னும் பெரிது. ஆறாம் ஆண்டில் பயிலும் பிள்ளை 12 வயதில் அடையாள அட்டை பெறுகிறது. அடுத்த 6 ஆண்டுகளில் அதன் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். முன்பு 9 ஆண்டுகள் இருந்தன. விண்ணப்பமும் செய்ய வேண்டும். இன்று வாக்கு தானாக வருகிறது. அறிவு தானாக வருவதில்லை. வகுப்புத் தலைவரை நாமே நியமிக்காமல் மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். தேர்ந்த பின், திங்கள்தோறும் அத்தலைவனிடம் வகுப்பு கேள்வி கேட்கவும் பழக்கலாம். பின்னதுதான் இன்றியமையாதது.

அடையாள அட்டை பெற இயலாத பிள்ளைகளும் நம்மிடையே உள்ளனர். பிறப்புப் பத்திரச் சிக்கலால் குடியுரிமை வாசலிலேயே நிற்கும் குழந்தைகள் அவர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பதிவேட்டைப் பார்க்கும்போதே அக்குடும்பத்தாரை அழைத்துப் பேசுவதும் உரிய இடத்திற்கு வழிகாட்டுவதும் ஆசிரியரால் ஆகக்கூடிய பெரும் குடிமைப்பணி. 1955இல் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்ற நம் பாட்டிமார் வரிசை, அந்தப் பிள்ளைகள் உள்ளே வரும்வரை முடிவடைந்ததாகாது.

2025ஆம் ஆண்டில், கோலாலம்பூர் மேயரை மக்கள் தேர்ந்தெடுக்கலாமா என்னும் பேச்சு மீண்டும் எழுந்தது. வரவேற்போரும் அஞ்சுவோரும் வாதிட்டனர். ஆதி நாகப்பன் ஆணையம் எழுதி வைத்த வினா அரை நூற்றாண்டுக்குப் பின்னும் உயிரோடிருக்கிறது என்பதே எனக்கு ஒரு நம்பிக்கை. அவ்வினாவை எடுத்துச் செல்லும் தலைமுறை நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கிறது.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். அண்மையில் ஒரு கோயில் திருவிழாவில் அவனையும் அவன் தந்தையையும் கண்டேன். அன்று தராத விடையை அவனிடம் சொன்னேன்: "மை அழிந்த மறுநாள்தான் தம்பி, வாக்காளரின் வேலை தொடங்குகிறது."

அவன் சற்று யோசித்தான். "அப்படியானால், நான் 18 வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லையா, ஐயா?" என்றான்.

இம்முறை அவன் தந்தை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் பள்ளியின் ஆண்டுக் கூட்டத்தில் கடந்த முறை எங்கள் இருவருக்கும் இடையே நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தது எங்களுக்கு நினைவிருந்தது.

அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.

அன்புடன், உங்களில் ஓர் ஆசிரியன்
சுபாங் ஜெயா